ஒத்துக்காதீங்க, வெண்டல்!

ஹாலர்ட் கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது என்று படித்ததும் மேங் தே-சிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுபடியும் படித்தார். சந்தேகமே இல்லை. 'உங்கள் விலை எங்களுக்குச் சம்மதம். எங்கே, எப்போது கையெழுத்து என்று சொன்னால் போதும்' என்று எழுதியிருந்தார் வெண்டல். ஹாலர்டின் சார்பில் பேரம் பேசுகிறவர் அவர்தான்.

வழக்கு இதுதான். டெக்சஸில் இருக்கும் ஹாலர்டிடம் ஒரு காப்புரிமை இருக்கிறது. சட்டைப் பையில் சும்மா கிடக்கிற போன், பக்கத்துக் கோபுரத்திடம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. அடிக்கடி சொன்னால் பேட்டரி தீர்ந்துவிடும். சொல்லாமலே இருந்தால் கோபுரம் மறந்துவிடும். இதற்குக்கூடவா காப்புரிமை என்று கேட்காதீர்கள். ஒரு போனுக்குள்ளே இருப்பதில் யாருக்கும் சொந்தமில்லாதது என்று பார்த்தால் காற்று ஒன்றுதான். 'எங்கள் வழியைத்தான் உங்கள் போன்கள் பின்பற்றுகின்றன, போனுக்கு இவ்வளவு ராயல்டி கொடுங்கள்' என்று ஹாலர்ட் கேட்க, தே-சிக் வேலை பார்க்கிற, தென்கொரியாவின் பாங்க்யோவில் இருக்கிற சன்மாரு எலக்ட்ரானிக்ஸ் 'அவ்வளவெல்லாம் முடியாது' என்று சொல்ல, கோர்ட் படி ஏறாமல் பேச்சுவார்த்தையிலேயே நாலு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

வழக்கமாக வெண்டலின் கடிதங்கள் நேரே சட்டப் பிரிவு டைரக்டர் பியோவுக்குத்தான் போகும். அன்றைக்கு பியோ பல் பிடுங்கப் போயிருந்தார். அதனால் அடுத்த நாற்காலியில் இருந்த தே-சிக்குக்கு வந்து சேர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டுத் துள்ளிக் குதித்திருப்பார்கள். நம்ம ஆள், வீட்டுக்குத் தந்தி வந்த மாதிரி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

காரணம் உண்டு. அவருடைய மனைவி மி-ரானும் மகள் சே-போமும் டல்லாஸுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மகள் அங்கே படிக்க, மனைவி அவளுக்குத் துணையிருக்க, இவர் இங்கே ஒற்றை அறையில் இருந்துகொண்டு சம்பளத்தை அப்படியே அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். தலைநகர் சியோல் பக்கத்தில் இப்படிப்பட்ட அப்பாக்கள் தடுக்கி விழுந்தால் தட்டுப்படுவார்கள். அவர்களுக்குப் பெயர்கூட உண்டு. காசு இருந்து, நினைத்தபோது பறந்து போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவன் கழுகு அப்பா. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பறப்பவன் காட்டுவாத்து அப்பா. பறக்கவே வழியில்லாமல் நின்ற இடத்திலேயே நின்று வானத்தைப் பார்க்கிறவன் பெங்குவின் அப்பா.

தே-சிக் சம்பளத்தைப் பார்த்தால் பெங்குவின். ஹாலர்ட் வழக்கின் புண்ணியத்தில் காட்டுவாத்து. பேச்சுவார்த்தை எப்போதும் டல்லாஸில்தான் நடக்கும். கம்பெனி டிக்கெட் போடும். பகலில் வெண்டலோடு மல்லுக்கட்டுவார். சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நாலு வருஷமாக அவருடைய குடும்ப வாழ்க்கை ஹாலர்ட் கம்பெனியின் பிடிவாதத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வருகிற மே மாதக் கடைசியில் சே-போமின் பள்ளி முடிப்பு விழா. ஆரம்பப் பள்ளி விழாவுக்கு ஒரு வழக்கு குறுக்கே வந்தது. நடுநிலைப் பள்ளி விழாவின்போது அவள் அமெரிக்காவில் இருந்தாள், இவர் இங்கே இருந்தார். இதுதான் கடைசி. இதற்கப்புறம் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள், யாருக்கும் பிடிபட மாட்டாள். மே மாதக் கூட்டத்தை அவர் மலைபோல நம்பியிருந்தார்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் இப்போது வெண்டல் மண்ணள்ளிப் போட்டிருந்தார்.

டைரக்டர் பியோ மத்தியானம் வந்தார். ஒரு கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. அலுவலகத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பியோவின் மேசைக்குப் போன காகிதம் கிம்ச்சி ஆகாமல் வெளியே வராது என்பார்கள். அந்த ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி பெட்டியில் போட்டு மூடி, புளிக்க வைத்து, எல்லோரும் மறந்தபிறகுதான் எடுப்பார்.

"சார், ஹாலர்ட் ஒத்துக்கிட்டாங்க."

பியோ வாயில் வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் நகர்த்தினார். "யார் சொன்னா?"

"கடிதம் வந்துச்சு. நீங்க இல்லைன்னு என்கிட்ட வந்துடுச்சு."

"மேல யாருக்காவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. அங்க வச்சுட்டுப் போ. பாக்கலாம்."

"கையெழுத்துப் போடப் போறீங்களா சார்?"

"அதான் பாக்கலாம்னு சொல்றேன்ல. பல்லு வலிக்குதுய்யா, போ."

தே-சிக் இடத்துக்கு வந்து யோசித்தார். இந்த மனுஷன் சோம்பேறி. சோம்பேறிக்கு எது சுலபம்? மறுத்தால் மறுத்ததற்குக் காரணம் எழுத வேண்டும், மறுபடி கூட்டம் வைக்க வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும். ஒத்துக்கொண்டால் ஒரே ஒரு முத்திரை. குத்திவிட்டுக் குறட்டை விடலாம். போதாக்குறைக்கு, நிலுவையில் இருக்கிற வழக்குகளை எல்லாம் சீக்கிரம் முடியுங்கள் என்று துணைத் தலைவர் ஹியூன் வாரா வாரம் கத்திக்கொண்டிருந்தார். பியோ கட்டாயம் குத்திவிடுவார். நாளைக்கே குத்திவிடுவார்.

இந்த ஆளை நம்பினால் நாம் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் தே-சிக் தானே வெண்டலைக் கூப்பிட்டார். டைரக்டரைக் கேட்காமல் எதிர்த்தரப்புக்குப் போன் போடுவது அந்த ஊர் அலுவலகத்தில் சாதாரணக் காரியமில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் பெண் பார்க்கப் போகிற மாதிரி அது.

"என்ன மேங், சந்தோஷமா?" என்றார் வெண்டல். "ஒருவழியா முடிச்சுட்டோம். அடுத்த தடவை வந்தா வேலை இல்லாம சும்மா பார்பெக்யூ சாப்பிடலாம்."

"அடுத்த தடவை எங்க வர்றது? வெண்டல், அந்த விலை கட்டாது."

"அது நீங்க சொன்ன விலை!"

"சொன்னோம். இப்போ யோசிச்சுப் பாத்தோம். அதுல பாதிதான் தர முடியும்."

தான் சொன்ன விலைக்கு எதிராளி சரி என்ற பிறகு அதைப் பாதியாக்குகிறவனை எந்தச் சந்தையிலும் செருப்பால் அடிப்பார்கள். வெண்டல் கத்துவார், மேசையைக் குத்துவார், 'வா, டல்லாஸுக்கு வா, நேரில் பேசிக்கொள்வோம்' என்பார் என்று தே-சிக் ஆசையோடு காத்திருந்தார்.

வெண்டல் கத்தவில்லை.

"மேங், நீங்க இப்படிக் கேக்குற ஆள் இல்லையே" என்றார் வெண்டல் மெதுவாக. "உங்க டைரக்டர்தான் கல்லுளிமங்கன். நீங்க நியாயஸ்தன்னு நெனச்சேன்."

பியோவா கல்லு? ஊறவைத்த அவல் மாதிரி இருக்கிற ஆளை இப்படிச் சொல்கிறாரே என்று தே-சிக்குக்குச் சிரிப்பு வந்தது.

"இப்போ நான்தான் கல்லு" என்றார்.

"சரி, நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் பதில் வந்தது. பாதி விலை சம்மதம்.

இந்தத் தடவை வெண்டல், துணைத் தலைவர் ஹியூனுக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார். ஹியூன் ஏழாம் மாடியிலிருந்து லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடிவந்து தே-சிக்கின் முதுகில் ஒரு அறை விட்டார். "அட பாவி! இவ்வளவு நாளா எங்கய்யா ஒளிஞ்சிருந்த? ஒரே போன்ல பாதியாக்கிட்டியே! பியோ, பாத்துக் கத்துக்கோங்க!"

பியோ கன்னத்தில் ஐஸ் பையை வைத்தபடி தே-சிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹியூன் போனதும் கேட்டார்.

"யாரைக் கேட்டுப் போன் பண்ணின?"

"கம்பெனி நன்மைக்காக சார்."

"உன்னைக் கம்பெனி கேட்டுச்சா? உனக்குச் சும்மா இருக்கவே தெரியாதாய்யா?"

'பொறாமை' என்று நினைத்துக்கொண்டார் தே-சிக்.

"இனிமே வாயைத் திறக்காத. எங்க சட்டப் பிரிவு படிக்கணும், மொழிபெயர்க்கணும், ஒப்பிட்டுப் பாக்கணும்னு நான் எழுதிக்கிறேன். புரியுதா?"

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"ஆகும்."

'ஆகும்' என்றால் என்ன அர்த்தம்? ஹியூன் மேலே நின்று விரட்டும்போது இந்த ஆள் எத்தனை நாளைக்குத் தாக்குப் பிடிப்பார்? முதல் மிரட்டலிலேயே முத்திரையை எடுத்துவிட மாட்டாரா?

அன்றைக்குக் காலையில்தான் சே-போமோடு பேசியிருந்தார். தினமும் அவர் காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில் அங்கே அவர்கள் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவார்கள். கிம்ச்சி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவதாகப் பேர்.

"அப்பா, விழாவுக்கு ஒரு வீட்டுக்கு எத்தனை சீட்டுன்னு கேக்குறாங்க. உங்களுக்கும் சேத்து வாங்கவா?"

"வாங்கும்மா, கண்டிப்பா வாங்கு."

"நிஜமா? போன தடவையும் கண்டிப்பான்னுதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை கூட்டம் இருக்கு. கம்பெனியே அனுப்பும்."

"அந்த அங்கிள் ஒத்துக்கிட்டா?"

"அவன் லேசுல ஒத்துக்க மாட்டாம்மா. நல்லவன்."

மி-ரான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இளைச்சுட்டீங்களே. சூப்பு வச்சுக் குடிக்கிறீங்களா இல்லையா?"

"குடிக்கிறேன்." அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கடையில் வாங்கிய சோற்று உருண்டை. அது தெரியாதபடி போனைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

சே-போம் அவருக்குத் தெரியாத ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் எப்போது இவ்வளவு உயரமானாள் என்று அவருக்குத் தெரியவில்லை. போனில் எல்லோரும் ஒரே உயரம்தான். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், தோளுக்கு வருகிறாளா காதுக்கு வருகிறாளா என்று. அதற்காகவாவது போக வேண்டும்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டு மறுபடி வெண்டலைக் கூப்பிட்டார்.

"வெண்டல், இன்னொண்ணு. இதுவரைக்கும் வித்த போனுக்கு ஒரு காசும் கிடையாது. இனிமே விக்கிறதுக்கு மட்டும்தான்."

"மேங்! நாலு வருஷத்து விற்பனை அது!"

"நாலு வருஷமா நாம பேசிட்டுத்தானே இருந்தோம். பேச்சுக்கெல்லாம் காசா?"

"இதுக்கு மேல எங்க தலைவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"ஒத்துக்க முடியாதுன்னு சொல்லுங்க!" என்றார் தே-சிக், ஏறக்குறையக் கெஞ்சலாக. "நீங்களும் ஒரு மனுஷன்தானே? ரோஷம் இருக்கில்ல? மேங்கை இங்க வரச் சொல்லுங்க, நேர்ல வச்சுக் கிழிப்போம்னு சொல்லுங்க!"

வெண்டல் நீளமாக மூச்சு விட்டார். "இவ்வளவு தைரியமாப் பேசுறீங்கன்னா கையில ஏதோ வச்சிருக்கீங்க. என்னது அது?"

"எது?"

"சரி, சொல்ல மாட்டீங்க. புரியுது."

மறுநாள் அதற்கும் சம்மதம் வந்தது. ஹியூன் இந்தத் தடவை முதுகில் அறையவில்லை, கட்டிப்பிடித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அலுவலகத்தில் இதுவரை அவர் பெயரைச் சரியாகச் சொல்லாதவர்கள்கூட காபி வாங்கிவந்து மேசையில் வைத்தார்கள். தே-சிக் அந்தக் காபிகளைப் பார்த்தபடி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெரிய ஆட்கள் வெற்றியில்கூட எவ்வளவு அடக்கமாக இருக்கிறார்கள் பார் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக எல்லோரும் திரையில் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று ஹியூன் ஏற்பாடு செய்தார். இந்தப் பக்கம் ஹியூன், பியோ, தே-சிக். அந்தப் பக்கம் வெண்டலும் இரண்டு வக்கீல்களும்.

கூட்டத்துக்கு முன்னால் பியோ தே-சிக்கைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓரங்கட்டினார்.

"மேங், உன்னைக் கையெடுத்துக் கேக்குறேன். உள்ள வந்து சும்மா உக்காரு. நான் பேசுறேன்."

"நீங்க என்ன சார் பேசுவீங்க?"

"மொழிபெயர்ப்பு சரியில்ல, வாக்கியம் சரியில்ல, கோடைக்கு அப்புறம் பாக்கலாம்னு எதையாவது பேசுவேன். நீ பேசாத."

"துணைத் தலைவர் இருக்காரே சார்."

"அவரை நான் பாத்துக்கிறேன்யா. இருபது வருஷமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

தே-சிக் தலையாட்டினார். மனசு மட்டும் ஆடவில்லை. பேச்சு ஆரம்பித்ததும் ஹியூன், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். பியோ இருமினார், தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், "முதல்ல இந்த மூணாவது பத்தி..." என்று இழுத்தார். "மூணாவது பத்திக்கு என்னய்யா?" என்று ஹியூன் எரிந்து விழுந்தார். பியோ மறுபடி இருமினார். போச்சு, மடங்கப் போகிறார், இன்னும் ஒரு அதட்டல் போதும் என்று தே-சிக்குக்குத் தோன்றியது.

எழுந்து நின்றுவிட்டார்.

இனி விலையைக் குறைத்துப் பலனில்லை, குறைக்கக் குறைக்க இவர்கள் சரி சரி என்கிறார்கள். அவமானப்படுத்த வேண்டியதுதான். எந்த அமெரிக்கன் தன் காப்புரிமையைக் கேவலமாகப் பேசினால் தாங்குவான்? கோபத்தில் கோர்ட்டுக்கு இழுப்பான். டெக்சஸ் கோர்ட். மே மாதம்.

"வெண்டல்! உங்க பேடன்ட் ஒரு குப்பை!"

பியோ அவர் கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். தே-சிக் உதறினார்.

"அது உங்க சொந்தச் சரக்கே இல்ல! எங்கேருந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எல்லாம் தெரியும்! கோர்ட்டுக்கு வாங்க, எல்லார் முன்னாடியும் சொல்றேன்!"

அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரையில் வெண்டலின் முகம் வெளுத்தது. ஒரு வக்கீல் மைக்கை மூடினார். மூவரும் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டு பேசினார்கள். கேமராவை அணைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்த வெண்டல் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். "அந்தக் காலத்து மாநாட்டு விஷயம் உங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. அதே யோசனையை எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் மேடையில சொன்னது. அது வெளிய வந்தா இந்த பேடன்ட் செல்லாது. எங்களுக்கு ராயல்டி தர்ற மத்த கம்பெனியெல்லாம் நாளைக்கே நிறுத்திடும். அதனால ஒண்ணு சொல்றேன். சன்மாரு ஒரு காசும் தர வேண்டாம். இலவசமா வச்சுக்கோங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. கையெழுத்துக்கு யாரும் இங்க வரவும் வேண்டாம், இப்பவே கணினியில போட்டுடலாம்."

"வெண்டல், அவசரப்படாதீங்க, யோசிச்சு..." என்றார் தே-சிக்.

"யோசிச்சாச்சு மேங். உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல."

ஹியூன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கைதட்டினார். கணினியிலேயே முத்திரையை அவரே குத்தினார். பியோ மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் வலி போல.

சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரையும் பன்றி இறைச்சி சுடும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார் ஹியூன். சோஜு என்கிற அந்த ஊர்ச் சாராயம் வந்தது. அடுப்பில் இறைச்சி பொரிந்தது. ஹியூன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நம்ம மேங் நாலு வருஷமா விமானத்துல அல்லாடினவன். குடும்பத்தைப் பிரிஞ்சு, தூக்கம் கெட்டு, எத்தனை தடவை அந்த டல்லாஸ்! இனிமே அந்தக் கஷ்டம் அவனுக்கு வேண்டாம். இன்னையிலேருந்து உள்நாட்டு வழக்குகளுக்கெல்லாம் அவன்தான் தலைவன்! சம்பளத்தைப் பெருசா ஏத்த முடியல, ஆனா இனி நாட்டை விட்டு ஒரு அடி வெளிய வைக்க வேண்டாம்! முதல் வழக்கு தேஜோன் கோர்ட்ல, மே மாசக் கடைசி வாரம்! குடிங்கய்யா!"

எல்லோரும் குடித்தார்கள். தே-சிக்குக்கும் குடிக்கத்தான் வேண்டியிருந்தது.

பியோ எதிரே உட்கார்ந்து கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் சின்னவனுக்கு வெட்டிக் கொடுப்பது அங்கே வழக்கமில்லை. ஆனாலும் நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்து தே-சிக்கின் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடு" என்றார்.

"சார், நான் உங்களை மீறிப் போயிட்டேன். கோபமா?"

"சாப்பிடுய்யா, ஆறிடும்."

மறுநாள் காலை கிம்ச்சி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தார். சே-போம் தலையில் தட்டையான ஒரு கறுப்புத் தொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். விழாத் தொப்பி. பக்கத்தில் தொங்கிய குஞ்சம் அவள் சூப்பில் விழப் பார்த்தது.

"அப்பா, எப்படி இருக்கு?"

"அழகா இருக்கும்மா."

"சீட்டு வாங்கிட்டேன். மூணாவது வரிசை. நீங்க ஓரத்துல உக்காருங்க, நடுவுல உக்காந்தா முன்னாடி இருக்குறவங்க தலை மறைக்கும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சொல்லித்தானே ஆக வேண்டும்.

"சே-போம், வழக்கு முடிஞ்சுடுச்சும்மா."

"அப்படின்னா?"

"கூட்டம் இல்ல. அப்பா வர முடியாது."

மி-ரான் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. சே-போம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சுட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா. ஒரு காசுகூடக் குடுக்க வேண்டாம்."

"சூப்பர் அப்பா" என்றாள் அவள். குரல் உடைந்துபோயிருந்தது. "அம்மா போன்ல வீடியோ எடுக்கச் சொல்றேன். பரவாயில்ல. நிஜமாப் பரவாயில்ல."

பரவாயில்லை என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். போனை அணைத்தார். அழுகை வந்தது. தனி அறைதானே என்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

வாசலிலேயே சுன்-நே அக்கா பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பயண டிக்கெட் போடுவது அவள்தான். விமானக் கம்பெனிகளோடு சண்டை போட்டுப் போட்டுக் குரல் எப்போதும் உச்சத்திலேயே இருக்கும். தே-சிக் டல்லாஸ் போகும்போதெல்லாம் சே-போமுக்குக் கடற்பாசிப் பொட்டலம் கொடுத்தனுப்புகிறவள்.

"தம்பி, பெரிய ஆளாயிட்டீங்களாமே! நான் இங்க வயிறெரிஞ்சு நிக்குறேன்."

"என்னக்கா?"

"டல்லாஸ் டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லி மேலேருந்து உத்தரவு. பாதிக் காசுகூடத் திரும்பாது. ஜன்னலோர சீட்டு வேற, அடிச்சுப் பிடிச்சு வாங்கினது. ரத்து பண்ணிடவா?"

"எந்த டிக்கெட்?"

"உங்களோடதுதான். மே இருபத்தி ரெண்டு போறது, ஜூன் ஒண்ணு வர்றது. சே-போம் விழா முடிஞ்சு நாலு நாள் கூட இருக்குற மாதிரி."

"அதை யாருக்கா போடச் சொன்னா?"

"வேற யாரு, பியோ சார்தான். டிசம்பர்லயே சொல்லிட்டாரு."

"டிசம்பர்லயா? வழக்கு மே மாசம் வரைக்கும் இழுக்கும்னு அவருக்கு டிசம்பர்லயே எப்படிக்கா தெரியும்?"

சுன்-நே அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன தம்பி, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? நாலு வருஷமா, சே-போமுக்கு எப்போ லீவுன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தானே, அந்த வெண்டல் ஒத்துக்கிட்டு எழுதின ஒவ்வொரு விலையையும் அவர் வேண்டாம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினாரு!"